கண்டும் காணாமல் போன ஆசிரியை குறித்து

அனுப்புநர்:
இஸ்னாயினி (வயது 16),
த/பெ கார்மின்,
மீன் புகையிடும் கொட்டகை வரிசை,
காராங்லாவுட் மீனவர் குடியிருப்பு,
செமாராங்.

பெறுநர்:
புல முதல்வர் அவர்கள்,
சமூக அறிவியல் புலம்,
செகாரா உத்தாரா பல்கலைக்கழகம்,
செமாராங்.

பொருள்: சமூகப்பணித் துறை ஆசிரியை இபு வெனிங் மீது எங்கள் குடியிருப்பினர் கொடுத்த புகார் – அதன் பேரில் ஆலோசனை அறையை மூடிய உத்தரவை நீக்கக் கோருதல் – தொடர்பாக.

மதிப்பிற்குரிய ஐயா,

1. நான் ஏழாம் வகுப்போடு பள்ளியை விட்டவள். திருக்கை மீனைத் துண்டு போட்டு, குச்சியில் குத்திப் புகையில் வைக்கும் வேலை செய்கிறேன். நாலு பேர் முன்னால் எனக்குப் பேச வராது. நேரில் வராமல் எழுதுவதைத் தவறாக நினைக்க வேண்டாம்.

2. முதலில் நன்றி சொல்ல வேண்டும். எங்கள் கரையில் பெண்களுக்கு ஏன் சிறு வயதிலேயே திருமணம் ஆகிறது என்று ஆராய அம்மா என்ற மரியாதையில் நாங்கள் இபு என்று கூப்பிடும் வெனிங்கையும், ஐயா என்ற மரியாதையில் பாக் என்று கூப்பிடும் இளம் ஆசிரியர் காலிஹையும் அனுப்பியது தாங்கள்தான். குழந்தைகளுக்கு எடை போடும் கூடத்தின் பின்னறையில் திங்கட்கிழமைதோறும் அவர்கள் உட்கார்ந்தார்கள். யார் வேண்டுமானாலும் போய்ப் பேசலாம். பேசாமலும் உட்காரலாம். நான் முதலில் பல வாரம் பேசாமல்தான் உட்கார்ந்திருந்தேன். இபு ஒருமுறைகூட அவசரப்படுத்தவில்லை.

3. வட்டத் தலைவர் பாக் சுராடி தங்களுக்கு அனுப்பிய புகாரில், இபு திமிர் பிடித்தவர், வழியில் எதிர்ப்பட்டால் யாரையும் விசாரிப்பதில்லை, இப்படிப்பட்டவர் சமூகப்பணி கற்பிக்கத் தகுதியில்லாதவர் என்று எழுதியிருக்கிறது. அவர் விசாரிப்பதில்லை என்பது உண்மை. எங்கள் ஊரில் அது சின்னக் குற்றமும் இல்லை. கடல் ஏறும் நாட்களில் தெருவில் முழங்கால் அளவு தண்ணீர் நிற்கும். பலகை மேல்தான் நடப்போம். தோள் உரசாமல் இருவர் கடக்க முடியாத அந்தப் பலகையிலும் இபு தன் ரப்பர் பூட்ஸைப் பார்த்தபடியே போவார். "நம்ம மீன் நாத்தம் மகாராணி மூக்குக்கு ஒத்துக்கல போல" என்று கொட்டகையில் பேசிக்கொள்வார்கள். பாக் காலிஹ் சுபாவத்தில் வாயாடி. யாரையாவது கண்டால் வாயைத் திறந்துவிட்டு, சட்டென்று மூடி வானத்தைப் பார்ப்பார். அவருக்குக் கழுத்துச் சுளுக்கு என்று சொல்லிச் சிரிப்பார்கள். ஒருமுறை என் அப்பா இபுவுக்கு வழி விடப் பலகையிலிருந்து தண்ணீரில் இறங்கி நின்றார். அவர் தலையை அசைத்துவிட்டுப் பேசாமல் போனார். அந்தக் கோபத்தில் அப்பாவும் புகாரில் கையெழுத்துப் போட்டார்.

4. இபு ஏன் அப்படிப் போனார் என்பது எனக்குத் தெரியும். முதல் நாளே என்னிடம் சொன்னார்: "வெளிய உன்னைப் பாத்தா நானா பேச மாட்டேன்ம்மா. நீ பேசினா பேசுவேன். உனக்கு எப்பத் தோணுதோ அப்ப." அறைக்கு உடன் அழைத்துவந்த தன் மாணவர்களுக்கும் இதை அவர் கற்பித்ததை, அறையின் நடுத் தடுப்புக்கு இந்தப் பக்கம் இருந்து கேட்டிருக்கிறேன். வெளியில் எங்களிடம் அவராகப் பேசினால், நாங்கள் அறைக்குப் போவது ஊருக்குத் தெரிந்துவிடும். அறைக்கு வருபவர்களை மட்டும் விட்டுவிட்டு மற்றவர்களை விசாரித்தால், விசாரிக்கப்படாதவர் யார் என்று ஊரே கண்டுபிடித்துவிடும். அதனால் அவர் யாரையுமே முதலில் விசாரிக்கவில்லை. எங்களை மறைப்பதற்காக ஊர் முழுவதின் கோபத்தையும் வாங்கிக்கொண்டார்.

5. நான் அந்த அறைக்குப் போன காரணத்தையும் சொல்லிவிடுகிறேன். படகுக்காரர் ஒருவரின் மகனுக்கு என்னைப் பேசி முடித்திருந்தார்கள். எனக்குப் பத்தொன்பது நிறையாததால், சமய நீதிமன்றத்தில் அனுமதி கேட்டு அப்பா மனுப் போட்டிருந்தார். நீதிபதி பெண்ணையும் தனியே கேட்பார் என்று இபுதான் எனக்குச் சொன்னார். என்ன பதில் சொல்ல வேண்டும் என்று அவர் சொல்லித்தரவில்லை. எனக்கு என்ன வேண்டும் என்றுதான் கேட்டார். அந்தப் பதிலை வாய்விட்டுச் சொல்ல எனக்குப் பல திங்கட்கிழமைகள் ஆயின. நீதிமன்றத்தில் அதைச் சொன்னேன். அனுமதி மறுக்கப்பட்டது. நீதிபதி மிரட்டியதில் பெண் குழம்பிவிட்டாள் என்றே அப்பா எல்லோரிடமும் சொல்லி வந்தார். நானும் அப்படியே விட்டுவிட்டேன்.

6. தங்கள் விசாரணைக் குழு கேட்டபோது, அது தன் வேலை முறை என்பதற்கு மேல் இபு எதுவும் சொல்லவில்லை என்று அறிந்தேன். விளக்கியிருந்தால், அப்படியானால் யாருக்காக என்று ஊர் தேடியிருக்கும். அண்மையில் கல்யாணம் நின்ற வீடு எங்கள் வீடு ஒன்றுதான். அதனால் அவர் வாயைத் திறக்கவில்லை. ஆறு மாதமாக நான் வாயைத் திறக்காததை இப்போது நினைத்தால் கூச்சமாக இருக்கிறது.

7. அறையைக் காலி செய்ய இபு வந்த அன்று கடல் ஏறியிருந்தது. கொட்டகைக்கு எதிரே பலகையில், பையைத் தோளில் போட்டுக்கொண்டு, வழக்கம்போலக் குனிந்து வந்தார். நான் கத்தியைக் கீழே வைத்துவிட்டு எழுந்து, "எங்க கிளம்பிட்டீங்க இபு?" என்றேன். எங்கள் ஊரில் எல்லோரும் எல்லோரையும் கேட்பது அதுதான். அவர் நின்று, "வீட்டுக்குத்தான்ம்மா. இன்னிக்கு மீன் நிறையவா?" என்றார். கொட்டகையில் எல்லோரும் வேலையை நிறுத்திவிட்டார்கள். பிறகு என் பின்னால் ஒரு குரல், "சாப்பிட்டீங்களா இபு?" என்றது. இன்னொன்று, "வெயில்ல போறீங்களே, குடை தரட்டுமா?" என்றது. அடுத்த கொட்டகையிலிருந்தும் குரல்கள் வந்தன. அவரை அதிகம் கேலி செய்த குரல்களும் அவற்றில் இருந்தன. அந்த அறைக்குப் போனவர்கள் எத்தனை பேர் என்று அப்போதுதான் எனக்குத் தெரிந்தது. இபு ஒவ்வொருவருக்கும் நின்று நின்று பதில் சொன்னார். அவர்கள் யார் என்று நான் இங்கே எழுதமாட்டேன். தாங்களும் கேட்க வேண்டாம் என்று பணிவுடன் கேட்டுக்கொள்கிறேன்.

8. ஊர் சொல்லி அப்பா அறியும் முன் நானே அவரிடம் போய் எல்லாவற்றையும் சொன்னேன். சில நாட்கள் கழித்து ஒரு காலையில், வலையிலிருந்து தலை நிமிராமலே கேட்டார்: "நான் தண்ணில எறங்கி நின்னேனே, அப்ப நான் யாருன்னு அவங்களுக்குத் தெரியுமா?"

தெரியும் என்றேன்.

"கோர்ட்டுல நான் மனுப் போட்டது?"

அதுவும் தெரியும் என்றேன்.

"ஊர்ல ஒருத்தர்கிட்டயும் என்னைப் பத்திச் சொல்லலையே அந்தம்மா" என்றார். அன்றே பாக் சுராடியிடம் போய்த் தன் கையெழுத்தை அடிக்கச் சொன்னார். அனுப்பிய காகிதத்தில் ஒன்றும் செய்ய முடியாது என்று அவர் கைவிரித்துவிட்டார். ஆகவே அப்பா இதன் கீழே கையெழுத்திடுகிறார்.

9. ஆதலால், இபு வெனிங் மீதான உத்தரவை நீக்கி, அறையை மறுபடி திறந்துவைக்க வேண்டுகிறேன். இனி எல்லோரையும் விசாரித்துப் பழக வேண்டும் என்று மட்டும் அவருக்கு நிபந்தனை போட்டுவிடாதீர்கள். தானாக வாய் திறக்க முடியாத பெண்கள் இங்கே இன்னும் இருக்கிறார்கள். நான் எழுதியதைச் சரிபார்க்கத் தாங்கள் யாரை அனுப்பினாலும், அவர் கொட்டகை வரிசையில் நின்று என் பெயரைச் சத்தமாகச் சொல்லியே கேட்கலாம். நான் எழுந்து வருவேன்.

இபுவை எங்களிடம் அனுப்பிய தங்கள் புலத்துக்கு என்றும் நன்றியுடன்,

இடம்: காராங்லாவுட்
நாள்: 14 நவம்பர் 2023

(ஒப்பம்) இஸ்னாயினி

இபு வெனிங் மீதான புகாரில் நான் இட்ட கையெழுத்தைத் திரும்பப் பெறுகிறேன். என் மகள் எழுதியது உண்மை.

(ஒப்பம்) கார்மின்