சூடானால் மூடாத த்ராட்டில்

மே 11, திங்கள்

கத்திரி வெயில். காலை ஆறரைக்கே கம்பெனி பஸ்ஸின் கைப்பிடிக் கம்பி சுடுகிறது. வாங்க வேண்டியவை: உளுந்து, பினாயில், யாழினிக்கு நீச்சல் கண்ணாடி (மூன்றாவது).

ஷிஃப்ட் முடிந்து வந்தால் வீட்டுக்காரர் பாஸ்கர் முகம் சரியில்லை. யாழினியை நீச்சல் வகுப்பிலிருந்து கூட்டி வரும்போது, ஒரகடம் ஜங்ஷனில் ஆக்சிலரேட்டரை விட்டும் கார் அடங்கவில்லையாம். இழுத்துக்கொண்டே போயிருக்கிறது. முன்னால் தண்ணீர் லாரி. இரண்டு காலாலும் பிரேக்கை மிதித்து, ஒரு முழம் விட்டு நின்றதாம்.

"காலை எடுத்துட்டேன் செல்வி, சத்தியமா. அது பாட்டுக்கு போய்க்கினே கீது."

"செருப்பு மாட்டியிருக்கும். அந்தத் தடி செருப்பைப் போட்டுக்கினு ஓட்டாதீங்கன்னு எத்தினி வாட்டி சொல்றது?"

"அப்பா காலை மேலதாம்மா தூக்கியிருந்தாரு" என்றாள் யாழினி. அவள் எப்போதும் அப்பா கட்சி. நான் நம்பவில்லை.

மே 12, செவ்வாய்

லீவு போட்டுவிட்டு நானே ஓட்டிப் பார்த்தேன். வல்லம் வடகால் வரை போனேன். ஒன்றுமில்லை. சொன்ன பேச்சு கேட்கிற வண்டி. பா.வுக்குப் போன் போட்டு "பார்த்தீங்களா?" என்றேன். கொஞ்சம் சந்தோஷமாகவே சொன்னேன்.

திரும்பும்போது ஜங்ஷனில் இருபது நிமிடம் டிராஃபிக். நகர ஆரம்பித்ததும் காலை எடுத்தேன். எஞ்சின் சத்தம் குறையவில்லை. டேஷ்போர்டில் மஞ்சள் விளக்கு. பிரேக்கை அழுத்தி ஓரம் கட்டினேன். நான் போட்டிருந்தது ஷூ.

பா.விடம் மன்னிப்பு கேட்கவில்லை. ரசம் வைத்தேன். அவருக்குப் புரிந்திருக்கும்.

மே 13, புதன்

சேரப்பணஞ்சேரி, மணி அண்ணன் ஒர்க் ஷாப். ஸ்கேனரைப் போட்டார். பெடல் பேச்சைக் கேட்கிறது. த்ராட்டில் தட்டு மட்டும் சில நேரம் மூடவில்லை என்கிறது ரிப்போர்ட். எஞ்சினுக்குப் போகும் காற்றைத் திறந்து மூடும் தட்டு.

"தட்டுதான் மாட்டுது போல கீது, தங்கச்சி. கயட்டிப் பாக்கட்டா?"

எனக்குச் சுருக்கென்றது. "அண்ணே, அது எங்க கம்பெனி த்ராட்டில் பாடி. எங்க லைன்ல ஒண்ணொண்ணா டெஸ்ட் பண்ணித்தான் வுடுவோம். அதுல குறை இருக்காது. டர்போ எண்ணெய் கக்கினாலும் எஞ்சின் அடங்காது, அதைப் பாருங்க."

பன்னிரண்டு வருஷமாக அந்தச் சாமானைத்தான் செய்கிறேன். இப்போது லைன் லீடர். எனக்குத் தெரியாதா?

"நீ சொன்னா சரிம்மா" என்றார்.

மே 14, வியாழன்

மணி அண்ணன் போன். டர்போ சுத்தம். எண்ணெய் இல்லை. குழாய்களில் காற்றுக் கசிவு இல்லை. சந்தேகத்துக்குப் பெடல் சென்சாரும் மாற்றியாகிவிட்டது. "எங்கிட்ட வந்தா நல்லாதாம்மா ஓடுது."

அதுதான் எரிச்சல். அவர் கடையில் வேப்பமர நிழல். அங்கே நின்றால் வண்டிக்கு என்ன கேடு?

லைனிலும் மனம் ஓடவில்லை. விமலாவிடம் காரணமில்லாமல் கத்தினேன். தட்டு சரியாக மூடுகிறதா என்று சோதிக்கும் டெஸ்ட் பெஞ்ச் அவள் பொறுப்பு. பாவம் அவள். தலைவலி. தைலம் தீர்ந்துவிட்டது.

மே 15, வெள்ளி

வண்டி வந்தது. காலையில் நன்றாகப் போனது. மாலையில் தண்டலம் அருகே மறுபடியும் அதே கதை. பா. சாவியை மேஜையில் வைத்துவிட்டு, "இன்னமே நான் இதைத் தொடமாட்டேன். குழந்தையை வெச்சிக்கினு விஷப் பரீட்சையா?" என்றார். என் பக்கம் பார்க்கவே இல்லை.

எல்லார் மேலும் கோபம். மணி அண்ணன், டர்போ, வெயில், செருப்பு. யோசித்தேன். மூன்று தடவையும் வண்டி நன்றாகச் சூடான பிறகுதான்.

மே 16, சனி

மதியம் மணி அண்ணன் கடை. "கயட்டுங்க" என்றேன். அவர் ஒரு வார்த்தை குத்திக் காட்டவில்லை. அதுவே பெரிய குத்து.

பாடி மேஜைக்கு வந்தது. விரலால் திறந்து விட்டேன். டக்கென்று மூடியது. பத்து தடவை, பத்தும் சரி. நெஞ்சு நிமிர்ந்தது. "சூடு காட்டிப் பாக்கலாமா?" என்று கேட்டதும் நான்தான்.

ஸ்டிக்கர் உரிக்க வைத்திருக்கும் ஹீட் கன்னைப் பிடித்தார். ஐந்து நிமிடம். விரலில் துணி சுற்றித் தட்டைத் தள்ளி விட்டேன். தட்டு பாதியில் நின்றது. அப்படியே நின்றது.

தட்டு நடுவில் சரியாக உட்காராமல் ஒரு பக்கம் உரசுகிறது. சூட்டில் விரிந்ததும் பிடித்துக்கொள்கிறது.

"ஏழெட்டு தபா ஆட்டி வுட்டா பிடி வுட்டுடுது பாரேன்" என்று மணி அண்ணன் கையால் திருப்பிக் காட்டினார். ஏழாவது, எட்டாவது தடவையில் தட்டு வழிக்கு வந்தது. டக்.

அந்தத் திருப்பல் எனக்குத் தெரியும். அது என்னுடையது.

முன்பு டெஸ்ட் பெஞ்சில் நான் இருந்தபோது, மெதுவாக மூடுகிற பாடிகள் ஃபெயிலாகி மலைபோல் குவியும். கழற்றி மாட்ட அரை நாள். கையால் பத்து தடவை திருப்பிவிட்டு மறுபடி போட்டால் பாஸ் ஆகிறது என்று கண்டுபிடித்தேன். எங்கள் மேனேஜர் சார் கைதட்டினார். வேலையைச் சுலபமாக்கும் யோசனைக்கான கைசன் பரிசு, ஒரு ஹாட் பாக்ஸ். என் போட்டோ இன்னும் போர்டில் இருக்கிறது. எங்கள் டெஸ்ட் ஏசி அறையில்தான். சூடு காட்டி யாரும் பார்த்ததில்லை.

பாடியைக் கவிழ்த்துப் பார்த்தேன். அடியில் பச்சைப் புள்ளி, பக்கத்தில் சின்னக் கோடு. பாஸ் ஆனதற்கு எல்லோரும் புள்ளி மட்டும் வைப்பார்கள். கோடும் சேர்த்து இழுப்பது நான் மட்டும்தான்.

"இன்னாம்மா, உக்காந்துட்ட?" என்றார் மணி அண்ணன். தண்ணீர் கொடுத்தார்.

தன் முதுகு தனக்குத் தெரியாது என்பார்கள். அவமானமாக இருக்கிறது. அதைவிடப் பயமாக இருக்கிறது. அந்த லாரிக்கும் யாழினிக்கும் நடுவே ஒரு முழம்.

மே 17, ஞாயிறு

பா.விடம் எல்லாம் சொன்னேன். மன்னிப்பும் கேட்டேன், செருப்பையும் சேர்த்து. பிறகு, "நம்ம வண்டி ஒண்ணுதானா?" என்றார்.

அதைத்தான் நேற்றிலிருந்து கேட்டுக்கொள்ளாமல் இருக்கிறேன். திருப்பிவிட்டு பாஸ் ஆனதைத் தனியாக எழுதுவதில்லை. முதல் தடவையே பாஸ் என்றுதான் எழுதுவோம். எது எந்த வண்டியில் போனது என்று யாருக்கும் தெரியாது.

துணி துவைத்தேன். சாப்பிடவில்லை.

மே 18, திங்கள்

ஹாட் பாக்ஸை வீட்டிலேயே வைத்துவிட்டுப் போனேன். டிபன் கேரியரில் புளிசாதம்.

எட்டு மணிக்கு டெஸ்ட் பெஞ்ச். விமலா ஒன்றைத் திருப்பிக்கொண்டிருந்தாள். "ஒம்போதாவது தபா அக்கா, இப்ப பாஸ் ஆய்டும்." கையிலிருந்து வாங்கிக்கொண்டேன்.

சாரிடம் மணி அண்ணன் கழற்றிக் கொடுத்த பாடியை வைத்துச் சொன்னேன். கதவைச் சாத்தினார். "உங்க வண்டிக்குப் புதுசு ஒண்ணு நான் தர்றேன்மா. சத்தமில்லாம மாத்திக்கோங்க. திருப்பறதை இன்னையோட நிறுத்திடலாம்."

"இதுவரைக்கும் வண்டில போனதெல்லாம், சார்?"

சார் ரிமோட்டை எடுத்து ஏசியைக் கூட்டினார்.

லைன் லீடருக்கு, சரக்கை வெளியே போகாமல் நிறுத்தும் சிவப்பு டேக் ஒட்ட அதிகாரம் உண்டு. இத்தனை வருஷத்தில் நாலைந்து தடவை ஒட்டியிருப்பேன். இன்று டிஸ்பாட்ச் போய், லாரியில் ஏற்றக் காத்திருந்த எல்லாச் சரக்குப் பேலட்டிலும் ஒட்டினேன். காரணம் என்ற இடத்தில் நடந்ததை எழுதினேன். யார் சொல்லிக் கொடுத்த முறை என்பதையும் எழுதி, எங்களிடம் வாங்கும் கார் கம்பெனிக்குப் போகிற மெயிலில் அந்த டேகின் போட்டோவைச் சேர்த்தேன். விமலா அழுதாள். "அக்கா, என் வேலை போய்டுமா?" உன்னுடையதுக்கு முன்னால் என்னுடையது போகும் என்றேன். அவளுக்கு அது ஆறுதலாக இல்லை.

நாளை பத்து மணிக்கு ஹெச்.ஆர். வரச் சொல்லியிருக்கிறார்கள்.

வீடு. பா. காபி போட்டு வைத்திருந்தார். முழுதும் கேட்டுவிட்டு, "நம்ம வண்டிக்குப் புதுசு எங்கேருந்து வரும்?" என்றார்.

"எங்க லைன்லேருந்துதான். வேற யாரும் செய்யறதில்ல."

டம்ளரைக் கழுவிக் கவிழ்த்தார்.

"அப்ப நான் பைக்லயே போய்க்கிறேன், செல்வி."