உங்கள் நம்பருக்கு வர வேண்டிய செய்தி

மாமா,

இட்லி குண்டானைத் திறந்தால் ஆவி குப்பென்று அடிக்கிறது. பக்கத்தில் இருக்கும் உங்கள் போன் மீதும் படுகிறது. பட்டதும் அதன் உறையிலிருந்து அந்த மிஷின் ஆயில் வாசனை கிளம்புகிறது. சோப்புத் தண்ணீரில் துடைத்தேன், எலுமிச்சைத் தோலால் தேய்த்தேன், போகவில்லை. இந்த வாசனைக்காக எத்தனை தடவை உங்களைச் சோற்றுத் தட்டிலிருந்து எழுப்பிக் கை கழுவ விரட்டியிருப்பேன்! இப்போது வாசலில் போட்ட இட்லிக் கடையில் மாவு ஊற்றிக்கொண்டிருக்கும்போது அது மூக்கில் பட்டால் திரும்பிப் பார்க்கிறேன். கம்பெனி பஸ்ஸுக்கு நிற்கிற பையன்கள்தான் நிற்கிறார்கள். "யக்கா, சட்னி கொஞ்சம் ஊத்து" என்கிறார்கள்.

உங்கள் போன் இன்னும் ஓடுகிறது. அரிசி வாங்குகிறேனோ இல்லையோ, அதற்கு ரீசார்ஜ் போட்டுவிடுகிறேன். எல்லாம் நீங்கள் செய்த வேலைதான். நம் பவித்ரா வெளி மாநிலத்து அறிவியல் கல்லூரிக்கு விண்ணப்பம் போட்ட அன்று, கவரைப்பேட்டை ஸ்டேஷனுக்கு எதிரே அந்த பிரவுசிங் சென்டரில் மூன்று பேரும் ஒரே பெஞ்சில் ஒடுங்கி உட்கார்ந்திருந்தோம். பொண்ணு பார்க்க வந்தபோதுகூட நீங்கள் அப்படிச் சவரம் செய்துகொண்டு வரவில்லை. போன் நம்பர் கேட்டதும் அவள் தன் நம்பரைச் சொல்ல வாயெடுத்தாள். நீங்கள் குறுக்கே விழுந்தீர்கள்.

"ஒன் போன்ல எப்பப் பாரு சார்ஜ் இருக்காது. என் நம்பரப் போடு. நல்ல சேதி வந்தா மொதல்ல எனுக்குத்தான் தெரியணும்."

"நைனா, நீ டூட்டிக்குப் போனா போன கம்பெனி கேட்ல வெச்சிட்டுப் போற ஆளு. உனுக்கு எப்பிடித் தெரியும்?" என்று அவள் சிரித்தாள். உங்கள் நம்பர்தான் ஏறியது.

அதற்கப்புறம் நாள் அதிகம் ஆகவில்லை. டியூட்டி முடிந்து வண்டியில் வந்துகொண்டிருந்த உங்களை ஹைவேயில் லாரி அடித்துவிட்டது. அதை உங்களுக்கே எழுதி என்ன ஆகப்போகிறது. நம்பரை உங்கள் பேரிலிருந்து மாற்றப் போனால் நடுவில் கொஞ்ச நாள் ஓடாமல் போகலாம் என்று யாரோ சொன்னார்கள். விண்ணப்பத்தில் நம்பரை மாற்றவும் வழியில்லை என்றாள் பவித்ரா. அதனால் நீங்கள் இல்லாமல் போனது உங்கள் போனுக்கு மட்டும் தெரியாது.

முடிவு வந்தது. அவளுக்கு இடம் கிடைத்தது என்றும் இல்லை, கிடைக்கவில்லை என்றும் இல்லை. வெயிட்டிங் லிஸ்டாம். இடம் கிடைத்தவர்களில் யாராவது வேண்டாமென்று விலகினால் அடுத்தவரைக் கூப்பிடுவார்கள் என்று விளக்கினாள். எனக்கு யாரும் விளக்க வேண்டியிருக்கவில்லை. பவித்ரா பால்வாடிக்குப் போன காலத்திலிருந்து நாம் அதில்தானே குடித்தனம் நடத்தினோம்? தேர்வாய் கண்டிகை கம்பெனியில் நீங்கள் காண்ட்ராக்டில் சேர்ந்தபோது, அடுத்த வருஷம் பர்மனென்ட் லிஸ்டில் பேர் வரும் என்றார்கள். சில மாதத்துக்கு ஒருமுறை பிரேக் என்று வீட்டுக்கு அனுப்புவார்கள். கொஞ்ச நாள் கழித்துப் புது அட்டை கொடுத்து, இன்றைக்குத்தான் வேலைக்கு வந்த புது ஆள் மாதிரி சேர்த்துக்கொள்வார்கள். பழைய மிஷினில் புது ஆள்! நடுவில் பொன்னேரிப் பக்கம் ஒரு பள்ளிக்கூடத்தில் நிரந்தரமான வேலை ஒன்று வந்தது. நான் போங்கள் என்றேன். நீங்கள் போகவில்லை. "லிஸ்ட்ல பேரு கீதுடி. இப்பப் போயி கைய உட்டா இத்தினி நாளு நின்னதுக்கு இன்னா அர்த்தம்?" என்றீர்கள். உள்ளேயும் இல்லாமல் வெளியேயும் இல்லாமல் கேட்டிலேயே நின்றீர்கள். இப்போது நானும் உங்கள் மகளும் நிற்கிறோம்.

அவள் சரியாகச் சாப்பிடுவதில்லை. போனை அவளிடம் கொடுத்தால் நிமிஷத்துக்கு ஒருதரம் தடவிப் பார்க்கிறாள். அதனால் நானே வைத்துக்கொள்கிறேன். ஏதாவது டிங்கென்றால் வீட்டுக்குள்ளிருந்து ஓடி வருவாள். கடன் வேண்டுமா என்று கேட்டு வந்திருக்கும். முகம் சுருங்கித் திரும்பிப் போவாள். தோழிகள் எல்லோரும் எங்கெங்கோ சேர்ந்துவிட்டார்கள். அவர்கள் கேட்பார்களே என்று தெருப்பக்கம் வருவதையே விட்டுவிட்டாள். இந்த ஊரும் வீடும் அவள் கழுத்தைப் பிடிக்கிறது. எனக்கு வேறு மாதிரி. கோயிலில் நின்றால் வாய் ஒன்று கேட்கிறது, மனசு வேறொன்று கேட்கிறது. அவளுக்கு இடம் கிடைக்கணும், அவள் என்னை விட்டுப் போகவும் கூடாது. கிடைத்தால் ரயிலேறிப் போய்விடுவாள், இந்த வீட்டில் நானும் உங்கள் சட்டைகளும்தான். இரண்டையும் வேண்டிக்கொள்ள முடியுமா? நான் வேண்டிக்கொண்டுதான் வருகிறேன்.

நடுவில் உங்களைக் கேட்டும் ஆட்கள் பேசுகிறார்கள். பேங்க் கார்டு விற்பவர்கள், இன்ஷூரன்ஸ்காரர்கள், எப்போதோ உங்களோடு வேலை பார்த்தவர்கள். நான் எல்லோருக்கும் ஒரே பதில்தான் சொல்கிறேன்: "அவுரு டூட்டில கீறாரு. சாய்ந்தரமா பண்ணுங்க." புதுசாக யோசித்துச் சொன்ன பொய் இல்லை. நம் பக்கத்துப் பெண்கள் எல்லோருக்கும் தூக்கத்தில் எழுப்பினாலும் வருகிற பதில்தானே அது. போன் கேட்டில், ஆள் மிஷினில். இத்தனை வருஷம் சொன்ன வாய் அதையே சொல்கிறது. மற்றதைச் சொல்ல எனக்கு நாக்கு எழவில்லை.

அதுதான் என்னைக் கவிழ்த்துவிட்டது.

கவுன்சிலிங்கில் அவளுக்கு இங்கேயே ஒரு இன்ஜினியரிங் கல்லூரி கிடைத்திருந்தது. பஸ்ஸில் போய் வரலாம். சேருவதற்குக் கடைசி நாளுக்கு முந்தின நாள் காலை. பஸ் வருகிற நேரம், கடையில் நல்ல கூட்டம், ஒருவன் தோசையில் முடி என்கிறான், இன்னொருவன் சில்லறை கேட்கிறான். உங்கள் போன் அடித்தது. ஒரு பெண் குரல், ஏதோ இங்கிலீஷில் பேசி நடுவில் உங்கள் பேரைச் சொன்னது. கார்டு விற்பவள் என்று நினைத்தேன். "டூட்டி. ஈவினிங்" என்று சொல்லி வைத்துவிட்டேன்.

பவித்ரா வந்து நம்பரைப் பார்த்தாள். வேறு ஊர் நம்பர். அந்தக் கல்லூரி இருக்கிற ஊர்.

"எம்மா! இன்னாம்மா சொன்ன அவங்க கிட்ட?"

சொன்னேன். அவள் என்னைத் திட்டியிருந்தால் தேவலை. அப்படியே அடுப்புக்குப் பக்கத்தில் குத்துக்காலிட்டு உட்கார்ந்துவிட்டாள். திரும்பத் திரும்ப அந்த நம்பருக்குப் போட்டோம். பதிவு செய்த குரல் ஒன்று ஏதோ சொல்லிவிட்டுத் துண்டித்தது. மெயில் அனுப்பினாள், பதில் இல்லை. அன்றைக்கு வீட்டில் நாங்கள் இரண்டு பேரும் எலிப்பொறியில் மாட்டிய மாதிரி இருந்தோம். நான் உலை வைக்கவில்லை. இதையும் உங்களிடம் சொல்லிவிடுகிறேன். மனசில் ஒரு மூலையில், போகட்டும், பிள்ளை இங்கேயே இருப்பாள் என்று ஒரு நிம்மதி எட்டிப் பார்த்தது. அவள் முகத்தைப் பார்த்ததும் அந்த நிம்மதி மேல் எனக்கே ஆத்திரம் வந்தது.

விளக்கு வைக்கிற நேரத்துக்கு அதே நம்பர் மறுபடி அடித்தது. நான் சொன்ன ஈவினிங்கை அந்தப் பெண் நம்பியிருக்கிறாள். பவித்ரா ஸ்பீக்கரில் போட்டாள். முதலில் உங்களைத்தான் கேட்டார்கள், விண்ணப்பத்தில் அந்த நம்பரோடு இருப்பது உங்கள் பேர்தானே. இங்கிலீஷில் கட்டுரை எழுதிப் பரிசு வாங்குகிற பவித்ரா, அந்த ஒரு வாக்கியம் வராமல் என்னையே பார்த்தாள். அவளைச் சொல்ல விடக்கூடாது என்று எனக்குத் தோன்றிவிட்டது. போனைப் பிடுங்கினேன்.

"ஹி நோ மோர், மேடம். ஐ மதர்."

முதல் தடவையாகச் சொன்னேன் மாமா. நம் பாஷையில் வராதது அந்த ஓட்டை இங்கிலீஷில் வந்துவிட்டது. அப்புறம் அந்தப் பெண் மெதுவாக ஏதோ சொன்னாள். நல்ல பெண்தான்.

இடம் இன்னும் இல்லையாம். அவளுக்கு முன்னால் சிலர் இருக்கிறார்களாம். லிஸ்டில் தொடர்ந்து இருக்கச் சம்மதமா என்று கேட்கத்தான் கூப்பிட்டிருக்கிறார்கள். இருப்பதென்றால் ஒரிஜினல் சர்ட்டிபிகேட் எல்லாம் கையில் தயாராக இருக்க வேண்டும், கூப்பிட்டால் உடனே கொண்டு வந்து சேர வேண்டும். ஒரிஜினலை இங்குள்ள கல்லூரியில் கொடுத்துச் சேர்ந்துவிட்டால் திரும்ப வாங்க எத்தனை நாள் ஆகுமோ. பவித்ரா போனைக் கையால் பொத்திக்கொண்டு, "இன்னா சொல்றதும்மா?" என்றாள். "லிஸ்ட்ல கீறேன்னு சொல்லு" என்று நான்தான் சொன்னேன்.

மறுநாள் காலை உங்கள் அண்ணன் வண்டியோடு வாசலில் நின்றார். பவித்ராவை அழைத்துப் போய்ச் சேர்க்க வந்திருக்கிறார். விஷயத்தைச் சொன்னதும் மனுஷன் கொதித்துப் போனார்.

"கைல கீறத்த உட்டுட்டு இன்னாத்துக்கும்மா இந்த பேஜாரு? அவனுந்தான் லிஸ்ட்டு லிஸ்ட்டுன்னு காத்துக்கினு இருந்தான். கடைசில இன்னா கெடச்சிது அவனுக்கு?"

அவர் கெட்டவர் இல்லை. உங்களை நினைத்துத்தான் அவருக்கு அந்த வயிற்றெரிச்சல். நானே உங்களிடம் இதைத்தான் கேட்டுச் சண்டை போட்டிருக்கிறேன். ஆனால் அவர் வாயிலிருந்து வந்தபோது எனக்குப் பொறுக்கவில்லை.

"ஏன் கெடைக்கல? அவுரு அந்த கேட்ல நின்ன வருசத்துலதான் இவ படிச்சா. அந்தச் சம்பளத்துலதான் இவ இந்த லிஸ்ட்டு வரிக்கும் வந்துகீறா. இன்னும் கொஞ்ச நாளு நிக்கட்டும். நான் கூட நிக்கிறேன்."

உங்கள் அண்ணன் டீயை மட்டும் குடித்துவிட்டு வண்டியை எடுத்துக்கொண்டு போனார். அன்று சாயங்காலம் இங்கே கிடைத்திருந்த இடமும் போயிற்று. இப்போது எங்கள் கையில் ஒன்றுமே இல்லை.

இன்று வரை கூப்பிடவில்லை. கூப்பிடாமலே போகலாம். செய்தது சரிதானா என்று கேட்கவும் ஆள் இல்லை. பவித்ரா காலையில் வந்து எனக்கு வெங்காயம் உரித்துக்கொண்டே, "வரலன்னா இன்னாம்மா பண்றது?" என்றாள்.

"வரலன்னா அடுத்த வருசம் எழுது. அது வரிக்கும் சோறு போட நான் கீறேன்" என்றேன்.

அடுத்த வருஷம் என்பது நீங்கள் பேசுகிற பேச்சு. உங்களிடமிருந்து கேட்டபோதெல்லாம் எனக்கு எரிச்சல்தான் வந்தது. இப்போது அதை நான் சொல்கிறேன், அவள் நம்பிச் சாப்பிட உட்காருகிறாள்.