கால்வாய்த் தெரு நீங்கலாக

ஜூன் 9
‘நம் தொகுதியின் வரலாறு’ என்று பத்துப் பக்கம் எழுதி வரவேண்டும். டீச்சர் இருவர் இருவராகச் சேரச் சொன்னார். வகுப்பில் நாற்பத்தொரு பேர். யாரும் கூப்பிடாத ஒருத்தி நான்தான். தனியாகவே செய்கிறேன் டீச்சர் என்று முந்திக்கொண்டு சொல்லிவிட்டேன்.

ஜூன் 12
நூலகத்தில் பழைய அரசிதழ்களைப் புரட்டினேன். முதலில் எங்கள் தெரு கால்வாய்க்கு அக்கரைத் தொகுதியில் இருந்ததாம். ஓட்டுப் போட ஏழு கிலோமீட்டர் நடை. ஜெயித்த எந்த உறுப்பினரும் இங்கே எட்டிக்கூடப் பார்க்கவில்லை. தெருக்காரர்கள் மனு மேல் மனு போட்டு இக்கரைக்கு மாறியிருக்கிறார்கள். பிறகு எங்கள் தெரு சைக்கிள் கடைக்காரரே ஒருமுறை ஜெயித்துச் சட்டமன்றம் போனார். பாலமும் குழாய்த் தண்ணீரும் அவர் காலத்தில்தான் வந்தன. “பேச எழுந்திரிச்சா சட்டைப் பையில ஸ்பேனர் தெரியும்” என்று கீழ்வீட்டுத் தையல்காரர் சிரித்தார்.

ஜூன் 13
நூலகப் பலகையில் புதிய தொகுதி எல்லைகளின் வரைவுப் பட்டியல் ஒட்டியிருக்கிறது. எல்லை வரையறை அலுவலகத்தில் அப்பா டைப் அடித்தது. பெருமையாகத்தான் போய் நின்றேன். எங்கள் இக்கரைத் தொகுதியின் பட்டியலில் இப்படி இருந்தது:
‘கால்வாய்த் தெரு நீங்கலாக.’
அக்கரைத் தொகுதியின் பட்டியலிலும் தேடினேன். அதிலும் இல்லை. நூற்று நாற்பது வீடுகள். எங்களுக்கென்று பேச யாரும் இல்லை.

அதே இரவு
சமையலறையில் உட்கார்ந்து எழுதுகிறேன். அப்பா இருமினால் மூடிவிடுவேன்.
தப்பு என்னுடையது. போன மாதம் அவசர வேலை என்று அப்பா தாள்களை வீட்டுக்குக் கொண்டுவந்தார். கைப்பிரதியை நான் வாசிக்க, டைப் அடித்ததை அவர் சரிபார்த்தார். எனக்குக் கண் சொக்கியது. கீழ்வரியிலிருந்த ‘சந்தைச் சாலை நீங்கலாக’ என்பதற்குப் பார்வை தாவிவிட்டது.
“கால்வாய்த் தெரு உள்ளிட்டன்னு அடிச்சிருக்கேனே, நல்லாப் பார்த்துச் சொல்லும்மா.”
பார்க்காமலே சொன்னேன். “நீங்கலாகத்தான்ப்பா.”
அக்கரையில் சேர்த்திருப்பார்கள்போல என்று முணுமுணுத்தபடி அடித்துத் திருத்தினார்.
அலுவலகத் தாள்களை வீட்டுக்குக் கொண்டுவரவே கூடாது. தெரிந்தால் அப்பாவுக்கு வேலை போய்விடும். தற்காலிக வேலைதானே, நாளையிலிருந்து வரவேண்டாம் என்றால் முடிந்தது.

ஜூன் 16
ஆட்சேபம் தெரிவிக்க 20ஆம் தேதி கடைசி. படிவம் வாங்கி வைத்திருக்கிறேன். வாக்காளர்தான் கையெழுத்துப் போடவேண்டுமாம். எனக்குப் பதினாலு. தையல்காரரிடம் சொன்னால் போடுவார். ஆனால் யார் போட்டாலும் கைப்பிரதியை எடுத்து ஒப்பிடுவார்கள். அப்பாவின் திருத்தம் பளிச்சென்று தெரியும். நான் வாயைத் திறக்காவிட்டால்? தெருவில் வேறு யாரும் அந்தப் பலகையைப் பார்ப்பதாகத் தெரியவில்லை.

ஜூன் 18
வெளியூரில் நர்ஸாக இருக்கும் அம்மா போனில் கேட்டாள், ஏண்டி குரல் ஒரு மாதிரி இருக்கு என்று. சளி என்றேன்.

ஜூன் 19
சொல்லிட்டேன். அழுகையில பாதி வார்த்தை வரவே இல்ல. அப்பா ஓங்கி ஒண்ணு வச்சிருந்தாகூடப் பரவாயில்ல.
படிவத்தை மட்டும் கேட்டார். வேறு யாரையாவது போடச் சொல்லலாமே என்றேன்.
“திருத்துனது என் கை. நீ வாசிச்சேங்கிற பேச்சே எங்கயும் வரக்கூடாது. அம்மாகிட்டயும்தான்.”

ஜூன் 20
கொடுத்துவிட்டு வந்தார். சாப்பிட்டியா என்று கேட்டார்.

ஜூலை 2
ஒன்பது பக்கம் எழுதிக் கொடுத்தேன். பத்தாவது எங்கே என்றார் டீச்சர். இன்னும் நடந்து முடியவில்லை என்றேன். வகுப்பே சிரித்தது.

ஆகஸ்ட் 6
பள்ளி விட்டு வந்தபோது வாக்காளர் பட்டியலுக்குக் கணக்கெடுப்பவர் எங்கள் வாசலில் நின்றிருந்தார். அவர் கையிலிருந்த நோட்டின் அட்டையில் இக்கரைத் தொகுதியின் எண், அதற்குக் கீழே கால்வாய்த் தெரு. அப்பா லுங்கியோடு நின்று பெயர், வயது எல்லாம் சொல்லிக்கொண்டிருந்தார்.
“தொழில்?”
அப்பா என் பக்கம் திரும்பவே இல்லை. “அத மட்டும் இப்போதைக்கு விட்டுடுங்க சார்.”
அவர் அந்தக் கட்டத்தில் ஒரு கோடு இழுத்துவிட்டு அடுத்த வீட்டுக்குப் போனார்.