கால்மாட்டில் நின்று திட்டுகிறேன்

அன்புள்ள கண்ணுக்கு,

நாங்கள் நலம் என்று எழுத இன்றைக்குத்தான் கை வந்தது, பயப்படாமல் படி. நீ அங்கே வேளைக்குச் சாப்பிட்டு நலமாக இருக்கிறாயா? மின்விசிறியைத் துடைக்கிறேன் என்று அப்பா ஸ்டூலில் ஏறி விழுந்ததை அண்ணன் போனில் சொல்லியிருப்பான், மீதியையும் போனில் சொன்னால் நீயும் அழுவாய் நானும் அழுவேன், ஒன்றும் விளங்காது.

தலையில் அடிபட்டு நினைவு தப்பிவிட்டது, மூளை வீங்கி மண்டைக்குள் அழுத்தம் ஏறிவிட்டது. அதைக் காட்ட ஐசியூவில் ஒரு மெஷினில் எண் ஓடுகிறது. அது இறங்காவிட்டால் மண்டையைத் திறக்க வேண்டும் என்று டாக்டர் சொன்னதும் எனக்கு உயிரே போய்விட்டது. மருந்துக்கு முன்னால் செய்கிற வேலையைக் கேட்டால் சிரிப்பாய், கட்டிலின் தலைப்பக்கத்தை உயர்த்தினார்கள், கழுத்துப் பட்டையைத் தளர்த்தினார்கள், காய்ச்சல் கூடாது, இருமல் கூடாது, சத்தமே கூடாது. உன் அத்தையை வாசலோடு திருப்பி அனுப்பிவிட்டார்கள், அவள் ரகசியம் பேசினாலே அடுத்த வார்டுக்குக் கேட்கும்.

நான் பக்கத்தில் உட்கார்ந்து, இந்த வயசுல ஸ்டூல் எதுக்கு, சொன்னா கேட்டாத்தானே என்று மெதுவாகத்தான் ஆரம்பித்தேன். எண் விறுவிறுவென்று ஏறியது. வாயை மூடினேன், இறங்கியது. மறுபடி பேசினேன், மறுபடி ஏறியது. உன்னாலதான் எனக்குப் பிரஷர் என்று காலமெல்லாம் சொன்ன மனிதர் மெஷின் வைத்தே நிரூபித்துவிட்டார் என்று வெளியே போய் நின்றுகொண்டேன். அண்ணன் கெஞ்சியும் உள்ளே போகவில்லை. என்னால் அவருக்கு ஏதாவது ஆகிவிட்டால் நான் என்ன செய்வேன் சொல்.

கடைசியில் நர்ஸ் பெண்தான் கையைப் பிடித்து இழுத்துப் போனாள். நீங்க பேசுறதால இல்லம்மா, அவர் கழுத்தைத் திருப்புறாரு, கழுத்து கோணினா தலையிலேர்ந்து ரத்தம் சரியா இறங்காது, கால்மாட்டுல நடுவுல நின்னு மெதுவா பேசுங்க என்றாள். நின்றேன். மிச்சமிருந்த திட்டை ஒன்று விடாமல் தாலாட்டுக் குரலில் திட்டி முடித்தேன். தலை நேராகவே இருந்தது, எண் ஏறவில்லை. நேற்றிலிருந்து இறங்குமுகம், ஆபரேஷன் வேண்டாம் என்கிறார் டாக்டர். நான் நிற்க வேண்டிய இடத்தில் தரையில் அந்த நர்ஸ் பிளாஸ்திரி ஒட்டியிருக்கிறாள், நகர்ந்தால் எனக்குத் திட்டு விழுகிறது.

ஒன்று மட்டும் மனதைவிட்டுப் போகமாட்டேன் என்கிறது. வீட்டில் நான் வாயைத் திறந்தாலே முகத்தை அந்தப் பக்கம் திருப்பிக்கொள்கிறவர், நினைவில்லாமல் கிடந்தபோது என் பக்கமாகத்தான் திருப்பியிருக்கிறார்.

ஈரத்தலையோடு வெளியே போகாதே, எந்த ஸ்டூலிலும் ஏறாதே. ஒரு குறையும் இல்லாமல் நீ நன்றாக இருக்க வேண்டும். மறக்காமல் ஒன்று, போன் செய்தால் அண்ணனிடம் அதையும் கால்மாட்டில் நடுவில் வைக்கச் சொல். உன் குரல் எந்தப் பக்கம் கேட்டாலும் அப்பா திரும்பிவிடுவார்.

என்றும் உன்னையே நினைத்திருக்கும்,
அம்மா