ஸ்டெல்லா வீட்டுக்கு நீங்கள் போட்ட பாலம்

என் அன்பான ஜெசி அப்பாவுக்கு,

அன்றைக்கு ஸ்டெல்லா வீட்டு அறையில் இருந்தவர்களை இப்போதும் வரிசையாகச் சொல்வேன். நீங்கள், உங்கள் தங்கச்சி ஸ்டெல்லா, அவள் புருஷன் அந்தோணி, தோட்டத்து மேல் லயத்து மாரியம்மாள், கோயிலில் மணியடிக்கிற கோயில்பிள்ளை சவரி. நான் இரண்டு வீடு தள்ளி, நம் வீட்டில் தனியாக இருந்தேன்.

அயர்லாந்தில் நம் பேத்திக்குப் புதுநன்மை, முதல் தடவையாக நற்கருணை வாங்குகிற நாள். அங்கே கோயிலில் நடப்பதை இங்கே டிவியில் பார்க்கலாம் என்று ஜெசி சொல்லியிருந்தாள். நெட் இணைப்பு நம் வீட்டில். பெரிய டிவி ஸ்டெல்லா வீட்டில். அந்த டிவியோ வயர் சொருகினால்தான் நெட் எடுக்கும். நம் பழைய வைஃபை பெட்டியை நீங்கள் அவள் வீட்டில் வைத்து, நம் வீட்டுப் புதுப் பெட்டியின் சிக்னலைப் பிடிக்கச் செய்து, அதிலிருந்து டிவிக்கு ஒரு வயர் கொடுத்தீர்கள். இரண்டு பெட்டிக்கும் நடுவில் பாலம் மாதிரி என்றீர்கள். தேயிலை பேக்டரியில் முப்பது வருஷம் வயர்மேன் வேலை பார்த்த கை.

நம் வீட்டு ஸ்விட்சு போர்டு அதே கைக்காக எத்தனை நாள் காத்துக் கிடந்தது?

நீங்கள் இரண்டு தடவை வந்து கூப்பிட்டீர்கள். முழங்கால் வலி என்றேன். பிறகு சிரிப்புச் சத்தம் கேட்டது. ஸ்டெல்லாவின் குரல் தனியாகக் கேட்டது: “எங்க அண்ணன் எனக்குன்னே செஞ்சு குடுத்தது இது.”

நம் பெட்டியின் ஸ்விட்சை அணைத்தேன். நம் பேத்தி நன்மை வாங்கியதை நீங்களும் பார்க்கவில்லை, நானும் பார்க்கவில்லை.

சாயங்காலம் வந்து, பழைய பெட்டியில் ஏதோ கோளாறு என்றீர்கள். அதைக் கழற்றி மேசைமேல் வைத்து இரண்டு நாள் பார்த்துவிட்டு, மறுபடி அவள் வீட்டில் மாட்டினீர்கள். நான் வாயைத் திறக்கவில்லை. மூன்றாம் வாரம் நீங்கள் போய்விட்டீர்கள். உங்கள் கை வேலையை நீங்களே சந்தேகப்பட்டுச் செத்தீர்களே என்று ஒரு வருஷம் வெந்தேன்.

போன வாரம் உங்கள் வருஷப் பூசை முடிந்து, ஸ்டெல்லாவிடம் எல்லாவற்றையும் சொல்லிவிட்டேன். அவள் கொஞ்சமும் அதிரவில்லை.

“அண்ணனுக்கு அப்பவே தெரியும் மதினி. எங்க வீட்டுப் பெட்டியில லைட்டு நல்லாத்தான் எரிஞ்சுது. போன்ல பாத்தா உங்க வீட்டு வைஃபை பேரே இல்ல. எல்லார்கிட்டயும் என் வேலைதான் பிசகிப்போச்சுன்னுட்டு, குழாயடியில என்கிட்ட மட்டும் சொன்னாரு, ஒன் மதினி அணைச்சிருக்கா, யார்கிட்டயும் வாயத் தொறக்காதன்னு.”

அப்படியானால் மேசைமேல் இரண்டு நாள் கழற்றிப் பூட்டியது யாருக்காக? எனக்காகவா? என்னிடம் ஒரு வார்த்தை கேட்டிருந்தால் உங்கள் காலில் விழுந்திருப்பேனே. ஏன் கேட்கவில்லை?

பாலம் இப்போதும் வேலை செய்கிறது. மழையில் கரண்டு போய் வந்தால், இரண்டு வீட்டுப் பெட்டியும் எரிகிறதா என்று நானே போய்ப் பார்க்கிறேன். அடுத்த வருஷம் ஜெசியின் சின்னவனுக்குப் புதுநன்மை. ஸ்டெல்லா வீட்டில், டிவிக்கு நேர் எதிரே உட்கார்ந்து, உங்களுக்கும் சேர்த்துப் பார்ப்பேன். என் உயிர் இருக்கும்வரை அந்த ஸ்விட்சில் கை வைக்கமாட்டேன். இது சத்தியம்.

உங்களோடு எனக்குக் கோபம் இல்லை. ஆனால் நீங்கள் கடைசியாக மனதில் வைத்திருந்த ஒன்றை, ஒரு வருஷம் எனக்குத் தெரியாமல் தன்னோடு வைத்திருந்தாளே, அந்த ஸ்டெல்லாவை மட்டும் நான் மன்னிக்கமாட்டேன்.

உங்கள் வீட்டுக்காரி,
ஜெசியின் அம்மா