வெள்ளை மாத்திரையும் நானும்

9 பிப்ரவரி 1984

இன்று அழுததற்குக் காரணம் வாழைத்தண்டு. நறுக்க நறுக்க நார் விரலில் சுற்றாமல் அறுந்துகொண்டே இருந்தது. உட்கார்ந்து அழுதுவிட்டேன். ஐம்பத்தொரு வயது, பாலிகஞ்சில் பெண்கள் பள்ளிக் கணக்கு டீச்சர், அடுப்பைக்கூட அணைக்காமல் அழுகிறாள். இவர் பாங்கிலிருந்து வந்து அணைத்தார். என்ன என்று கேட்கவில்லை. கேட்காததற்கும் அழுதேன்.

போன வருஷம் இப்படி இல்லை. மாதவிலக்கு நின்று இரண்டு வருஷம் ஆகியிருந்தது. திடீரென்று உடம்பு திகுதிகுவென்று எரியும், ரவிக்கை நனைந்துபோகும், ராத்திரி தூக்கம் கிடையாது. நவம்பரில் டாக்டர் இரண்டு மாத்திரை எழுதினார். மஞ்சள் தினமும். வெள்ளை, மாதம் பிறந்ததும் பன்னிரண்டு நாள். எரிச்சல் போயிற்று, தூக்கம் வந்தது. கூடவே நின்றுபோன தூரமும், வெள்ளை முடிந்த நாலைந்து நாளில், திரும்பி வந்தது. மாதம் மூன்று நாள் மறுபடி தனித் தட்டு, தனிப் பாய். அந்த நாட்களில் இவர் சமையல். ரசத்தைப் பற்றி எழுதி என்ன பயன்.

11 பிப்ரவரி

எழுந்திருக்கப் பிடிக்கவில்லை. எழுந்தேன்.

20 பிப்ரவரி

நன்றாக இருக்கிறேன். போர்டில் கணக்கைத் தப்பாகப் போட்டுவிட்டு நானே சிரித்தேன், பெண்களும் சிரித்தார்கள். அப்படியானால் அன்று வாழைத்தண்டுக்கு அழுதது ஏன்?

6 மார்ச்

திரும்பி வரும்போது பாலிகஞ்ச் ஸ்டேஷன் பாலத்தில் நின்றேன். கீழே லோக்கல் வந்துகொண்டிருந்தது. ஒரு எண்ணம் வந்தது. அதை எழுத மாட்டேன் — இல்லை, எழுதத்தான் வேண்டும். வந்தது. பயமா இருக்கு. எனக்குப் பைத்தியம் பிடிக்கறதா?

வீட்டுக்கு வந்து இவரிடம் சொல்லிவிட்டேன். என் கையைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார். "நாளைலேர்ந்து நான் வந்து அழைச்சிண்டு வரேன்" என்றார்.

10 மார்ச்

டாக்டர் சொன்னது: பெண் கல்யாணமாகி பம்பாய் போய்விட்டாள், வீடு காலி, வயதும் இப்படி, பூரி கடற்கரைக்குப் போய்க் காற்று மாற்றி வாருங்கள். இந்த வங்காளி ஊரில் கால் சுளுக்கினாலும் பூரிதான்.

ஹெட்மிஸ்ட்ரஸும் கூப்பிட்டார். பத்தாம் வகுப்புக் கணக்கைக் கொஞ்ச நாள் வேறு யாராவது எடுக்கட்டுமே என்றார். முடியாது என்றேன். அந்த வகுப்பை விட்டால் நான் வீட்டில் படுத்துவிடுவேன், அது எனக்குத் தெரியும்.

8 ஏப்ரல், பூரி

வந்து ஒரு வாரம். முழங்கால் வரை நனைந்தேன், இரண்டு பேர் சாப்பாட்டை நானே சாப்பிட்டேன். வெள்ளை மாத்திரையை வீட்டு பீரோவிலேயே விட்டுவிட்டேன் என்று வந்த அன்றுதான் தெரிந்தது. போகட்டும். இவருக்குப் பெருமை தாங்கவில்லை. "பாத்தியா, சமுத்திரக் காத்து" என்கிறார். டிக்கெட் வாங்கியதுதானே இவர், சமுத்திரத்தையே இவர்தான் வெட்டினார் என்கிற மாதிரி.

4 மே

மறுபடி. "பூரி வேகம் தீர்ந்துபோச்சு போலிருக்கு" என்றார் இவர். பள்ளிக்குப் போனேன். அது மட்டும் செய்தேன்.

12 மே

மாமனார் தெவசம் பதினெட்டாம் தேதி. நாத்தனார் ஜலஜா ஜாம்ஷெட்பூரிலிருந்து ஒத்தாசைக்கு வந்திருக்கிறாள். இன்றோடு வெள்ளையை நிறுத்தினால் தெவசத்தன்று நான் தூரமாகிவிடுவேன், தெவசம் நின்றுபோகும். ஜலஜாவுக்கு இதெல்லாம் ஒரு விஷயமே இல்லை.

"நிறுத்தாதே மன்னி. தெவசம் முடியற வரைக்கும் முழுங்கு. தள்ளிப்போடற மாத்திரையே இதுதான். கல்யாணம், பூணல், கொலு, எல்லாத்துக்கும் நான் இதைத்தானே போட்டுக்கறேன்."

கைப்பையிலிருந்து எடுத்துக் காட்டினாள். அதே மாத்திரை, அதே பெயர்.

18 மே

தெவசம் நல்லபடியாக முடிந்தது. வடை தட்டும்போது கண்ணீர் நிற்கவில்லை. மாமனார் மேல் இவ்வளவு பக்தியா என்று சாஸ்திரிகள் மெச்சினார். மாமனாரை நான் பார்த்ததே கிடையாது.

27 மே

மாத்திரையை நிறுத்தி, தூரமும் வந்து போயாயிற்று. இன்று காலை காபி காபியாக இருந்தது. டம்ளரைக் கையில் வைத்துக்கொண்டே யோசித்தேன்.

மாத நடுவில் நான் எப்போதும் நன்றாக இருப்பேன். இந்த மாதம் நடுவிலும் வெள்ளையை விழுங்கினேன், நடுவிலும் இருட்டு. பூரியில் வெள்ளை இல்லை, இருட்டும் இல்லை. இதை ஏழாம் வகுப்புப் பெண்கூடச் சொல்லியிருப்பாள். எனக்கு ஆறு மாதம் பிடித்தது.

காலி வீடு இல்லை. வயது இல்லை. மாத்திரை. எனக்குப் பைத்தியமில்லை. எனக்கு ஒண்ணுமில்லை!

2 ஜூன்

டாக்டரிடம் சொன்னேன். கற்பனை என்றார். மஞ்சளை மட்டும் சாப்பிட்டால் கர்ப்பப்பைக்குக் கெடுதல், அதற்குக் காவல்தான் வெள்ளை என்றார். அது நிஜமாகவே இருக்கட்டும், வேறு வழி உண்டா என்று கேட்டேன். தூக்க மாத்திரை எழுதினார். படியிறங்கும்போதே தீர்மானித்துவிட்டேன், வேறு டாக்டர்.

9 ஜூன்

கரியாஹாட்டில் டாக்டர் திருமதி லாஹிரி. என் வயதுதான் இருக்கும். பாலத்தில் நின்றதுவரை எல்லாவற்றையும் சொன்னேன். குறுக்கே பேசாமல் கேட்டார். "சில பேருக்கு இந்த மருந்து ஒத்துக்கொள்ளாது. நீங்கள் கண்டுபிடித்தது சரிதான்" என்றார். ஆனால் காவலில்லாமல் மஞ்சள் தனியாகக் கூடாது என்று அவரும் சொல்கிறார். வெள்ளையைப் பாதியாக்கிப் பார்க்கலாம். அதுவும் சரிப்படவில்லை என்றால் இரண்டையும் மெதுவாக நிறுத்தலாம், எரிச்சல் திரும்பி வரும். மனச்சோர்வுக்குத் தனியாக மருந்து. தினமும் நடக்கச் சொன்னார்.

வெளியே வந்ததும் இவர், "என்ன சொன்னா?" என்றார். "நம்பினா" என்றேன்.

7 ஜூலை

பாதி வெள்ளை. பாதி இருட்டு. பாதிகூட எனக்கு வேண்டாம். டாக்டரிடம் சொல்லிவிட்டேன், இரண்டையும் நிறுத்துகிறோம்.

21 ஆகஸ்ட்

எரிச்சல் முழு வேகத்தில் வந்துவிட்டது. இன்று பத்தாம் வகுப்பில், கரண்ட் வேறு இல்லை, முகத்தில் வேர்வை கொட்டுகிறது. மேஜை மேல் துண்டை வைத்திருக்கிறேன், ஒளிப்பதில்லை. துடைத்துக்கொண்டு தேற்றத்தை முடித்தேன். சோர்வும் அடியோடு போய்விடவில்லை, சில காலைகளில் வந்து பக்கத்தில் உட்காருகிறது. மருந்தைச் சாப்பிட்டுவிட்டு ஏரிப் பக்கம் நடக்கிறேன். நனைந்த ரவிக்கையோடு வாழலாம். அந்தப் பாலத்தில் வாழ முடியாது.

18 செப்டம்பர்

இன்று சாயங்காலம் ஜலஜாவிடமிருந்து டிரங்க் கால். இரைச்சல், பாதி கேட்கவில்லை.

"மன்னி, நவராத்திரிக்கு மாத்திரை வாங்கி வச்சுண்டு உட்காந்திருக்கேன். மாத்திரையைப் பத்தி நீ எழுதின லெட்டரைப் படிச்சதுலேர்ந்து போட்டுக்கப் பயமா இருக்கு. ஒவ்வொரு பண்டிகைக்கும் செத்துப்போயிடலாம் போல வரும் எனக்கு. என் சுபாவமே அப்படின்னு நெனச்சிண்டிருந்தேன்."

இத்தனை வருஷமாக. என்னோடு சேர்ந்து வடை தட்டியிருக்கிறாள், சொன்னதே இல்லை. நானும் கேட்டதில்லை.

"போட்டுக்காதே" என்றேன். "நாளைக்குக் கிளம்பி வா. நான் டாக்டர்கிட்டே அழைச்சிண்டு போறேன்."

"கொலு சமயத்துல தூரமாயிட்டா?"

"ஆனா ஆகட்டும்."

நாளை அரை நாள் லீவு சொல்லணும். வண்டி வருவதற்கு முன்னாலேயே ஹௌரா போய் நிற்கணும்.