கோடு உடைந்த இடம்

என் கண்ணே, மகளே மரிசோல்,

நம் மாதா கோவிலுக்கு எதிரே இருக்கும் சமுதாயக் கல்லூரியில் சனிக்கிழமைகளில் தரவு அறிவியல் இலவசமாகச் சொல்லித் தருகிறார்கள். பள்ளி முடிக்காதவர்களும் வரலாம் என்றார்கள். சேர்ந்துவிட்டேன்.

"வீட்ல இருக்கிற எண்களைக் கொண்டு வாங்க" என்றார் ஆசிரியை மிஸ் வாங். என் குறிப்பேட்டைக் கொண்டுபோனேன். ஞாயிறுதோறும் நீ போனில் எத்தனை நிமிடம் பேசினாய் என்று அதில் எழுதி வைத்திருக்கிறேன். நாற்பது, ஐம்பது, ஒருமுறை எழுபத்திரண்டு. பிறகு மூன்று, இரண்டு. அதன்பின் ஒன்றுமில்லை. நீ வேலை மாறியதால்தான் என்று பூசைக்கு வருபவர்களிடம் சொல்லி வந்தேன்.

கணினி கோடு வரைந்தது. பக்கத்திலிருந்த லாரிக்கார ரூபன் சிரித்தான். "என்னக்கா, உங்க கோடு மாடியிலேர்ந்து குதிச்சிடுச்சே!"

குதித்த நாள் ஈஸ்டர். நீ வேலை மாறியதோ ஆகஸ்டில்.

"உடைஞ்ச இடத்துல என்ன நடந்துச்சுன்னு எழுதுங்கம்மா. அது இல்லேன்னா இது வெறும் கோடுதான்" என்றார் மிஸ் வாங்.

ஈஸ்டர் பக்கத்தைத் திருப்பினேன். என் கையெழுத்திலேயே இருந்தது: விருந்துக்கு வந்தவர்கள் ஆறு, தட்டு ஐந்து. நீ காதலிக்கும் பெண்ணை, நொயெலியாவை, முதல்முறையாக அழைத்து வந்திருந்தாய். "நாங்க கிளம்பறோம்மா" என்று மட்டும் சொன்னாய். ஆண்டவருக்காகத்தான் அப்படிச் செய்தேன் என்று இத்தனை நாளும் நினைத்திருந்தேன்.

"ஆறாவது தட்டை நான் வைக்கவில்லை" என்று கோட்டின் பக்கத்தில் எழுதிக் கொடுத்துவிட்டேன்.

வரும் ஞாயிறு மக்காச்சோள மாவில் தமாலே அவிக்கிறேன். நொயெலியா காரம் சாப்பிடுவாளா? போனில் அதை மட்டும் சொல். ஒரு நிமிடம் போதும்.

உன் அம்மா